குஞ்சு பறக்கிற வரைக்கும்

எங்கள் வளவில் குருவி வந்து குடியேறியதற்கு முழுப் பொறுப்பும் ஜப்பான்காரனைத்தான் சேரும். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அவன் கொழும்பில் குண்டு போட்டான். தூத்துக்குடியில் பாதிப் பேருக்குக் கொழும்பில் கடை இருக்கும், இல்லாவிட்டால் கடை வைத்த மச்சானாவது இருப்பான். அடுத்த குண்டு நம் தலையில்தான் என்று ஊரே முடிவு கட்டிவிட்டது. சர்க்கார் அந்தப் பயத்தை வீணாக்காமல், கப்பல் கம்பெனியில் குமாஸ்தாவாக இருந்த என் வீட்டுக்காரரைப் பிடித்து விமானத் தாக்குதல் காவலுக்கு ஏ.ஆர்.பி. வார்டன் ஆக்கியது. ஒரு விசில், ஒரு தகரத் தொப்பி, கையில் கட்டிக்கொள்ள ஒரு பட்டை. கரப்பான்பூச்சியைக் கண்டால் கட்டில் மேல் ஏறுகிற மனுஷன் தெருவுக்கே காவல்.

வார்டன் வீட்டில் முதலுதவிப் பெட்டி இருக்க வேண்டுமாம். துறைமுகத்திலிருந்து இலங்கைத் தேயிலைப் பெட்டியின் பலகையைக் கொண்டுவந்து, ஞாயிற்றுக்கிழமை எல்லாம் தட்டித் தட்டி, சாய்வாக மூடி போட்ட ஒரு பெட்டி செய்தார். அவசரத்தில் மூடியைத் திறக்க நேரம் இருக்காது என்று முன்பக்கம் வட்டமாக ஓர் ஓட்டை. உள்ளே பஞ்சு, துணிச் சுருள், டிங்சர் பாட்டில். அடுக்களை ஜன்னலுக்குப் பக்கத்தில், தோட்டத்தைப் பார்த்த சுவரில் ஆணி அடித்து மாட்டினார். ஒத்திகை பார்க்க ஓட்டைக்குள் கையை விட்டார். போகவில்லை. எப்படித் திருப்பினாலும் விரல்களுக்கு மேல் போகவில்லை.

"பரவாயில்ல ஏளா, குண்டு விழுந்தா நீ எடுத்துக் குடு" என்றார். என் கை சின்னக் கை.

தோட்டம் என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். தூத்துக்குடி உப்புத் தண்ணீருக்கு முருங்கை வரும், பூவரசு வரும், மற்றதெல்லாம் வருவதற்கு யோசிக்கும். இரண்டு முருங்கை, ஒரு பூவரசு, நடுவில் உத்தரவுப்படி வெட்டிய பதுங்கு குழி. இடுப்பளவு வெட்டுவதற்குள் உப்புத் தண்ணீர் ஊறிவிட்டது. குண்டுக்குப் பயந்து அதில் குதித்தால் முங்கித்தான் சாக வேண்டும். ஒரே மதிலுக்குள் இருக்கிற வீடுகளைத்தான் எங்கள் பக்கம் வளவு என்போம். எங்கள் வளவில் இரண்டே வீடு. முன்வீட்டில் வீட்டுக்குச் சொந்தக்காரர், பின்வீட்டில் வாடகைக்கு நாங்கள், நடுவில் இந்தத் தோட்டம்.

சொந்தக்காரர் கருப்பட்டி மண்டி வைத்திருந்தவர். நாங்கள் அவரை அண்ணாச்சி என்போம், அந்த முறையில் அவர் மனைவி எனக்கு மதினி. குண்டுப் பீதியில் மண்டியைப் பூட்டிவிட்டு, மதினியையும் பாத்திரங்களையும் வண்டியில் ஏற்றி, பசுமாட்டைப் பின்னால் கட்டிக்கொண்டு, செம்மணல் தேரிக்காட்டுக்குள் இருக்கிற சொந்த ஊருக்குக் கிளம்பினார். போகும்போது என் வீட்டுக்காரர் தோளைத் தட்டி, "தம்பி, ரெண்டு வீட்டயும் ஒங்க வீடா நெனச்சுக்கிடுங்க. நான் வேற, நீங்க வேறயா?" என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அப்புறம்தான் உறைத்தது, குண்டு விழப்போகிற வீட்டை யாருக்கும் தாராளமாகக் கொடுக்கலாம் என்று.

ஜப்பான்காரன் வரவில்லை. அண்ணாச்சி வந்தார். சீனிக்கு ரேஷன் வந்து கருப்பட்டிக்கு யோகம் அடித்திருந்த நேரம். ஊர் முழுக்க மிலிட்டரி காண்ட்ராக்டர்கள் வீடு தேடி அலைந்தார்கள். அதில் ஒருவன் எங்கள் பின்வீட்டைப் பார்த்துவிட்டு, நாங்கள் கொடுக்கிற வாடகையைக் கேட்டுச் சிரித்துவிட்டுப் போனான். அன்றிலிருந்து நாங்கள் வேறு, அண்ணாச்சி வேறு.

இங்கே என் விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும். எனக்கு அப்போது ஐந்தாம் மாதம். அதற்கு முன்னால் இரண்டு தங்கவில்லை. இரண்டாவது போனது, வேம்பாரில் இருந்த இவருடைய அண்ணன் வீட்டுக்குப் பஸ்ஸில் போய்வந்த மறுநாள். யுத்த காலத்துப் பஸ் கரி அடுப்பில் ஓடும். பாதி தூரம் பஸ் ஆட்களைச் சுமக்கும், மீதி தூரம் ஆட்கள் பஸ்ஸைத் தள்ளுவார்கள். இந்தத் தடவை ஆஸ்பத்திரி நர்ஸம்மா கறாராகச் சொல்லிவிட்டாள். வண்டி, பஸ் எதிலும் ஏறக் கூடாது, பிள்ளை பிறக்கிற வரை இருந்த இடத்தை விட்டு அசையக் கூடாது. ஊரில் வேறு வீடு கிடைக்காது. இந்த வீட்டைக் காலி செய்தால் எங்களுக்கு வேம்பார்தான் கதி. எனக்கு இந்த வீடு வேண்டும், பிள்ளை பிறக்கிற வரைக்குமாவது வேண்டும். சொத்துக்கோ சுகத்துக்கோ இல்லை.

ஆனால் இதை வெளியே சொல்லவும் முடியாது. கண் பட்டுவிடும், வயிறு நன்றாகத் தெரிகிற வரை யாரிடமும் மூச்சு விடாதே என்று என் மாமியார் சொல்லி அனுப்பியிருந்தார். நான் இயல்பாகவே பூசினாற்போல இருப்பேன். சேலையைக் கொஞ்சம் தளர்த்திக் கட்டினேன். உட்கார்ந்து தின்றே பெருத்துவிட்டாள் என்று ஊர் நினைத்துக்கொண்டது.

ஒருநாள் காலையில் அண்ணாச்சி வந்தார். "தம்பி, மகள பிரசவத்துக்குக் கூட்டிட்டு வந்திருக்கோம். ஆளுக வந்து போவாவ. எடம் காணாது. வீட்டக் காலி பண்ணிக் குடுத்துருங்க" என்றார். மகள் வந்திருந்தது நிஜம். தலைப்பிரசவம், ஏழாம் மாதம். ஆனால் வீடு யாருக்கு என்று தெருநாய்க்கும் தெரியும்.

யுத்த காலத்தில் குடியிருப்பவர்களை அப்படி நினைத்த மாத்திரத்தில் வெளியே அனுப்ப முடியாது, சட்டம் இருக்கிறது என்று இவருக்கு ஆபீஸில் சொல்லியிருந்தார்கள். இவர் தொண்டையைச் செருமினார். ஆகா, சட்டம் வெளியே வருகிறது என்று நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

"காப்பி குடிக்கியளா அண்ணாச்சி?" என்றார் இவர்.

எனக்கு வந்த கோபத்துக்கு அந்தத் தகரத் தொப்பியை எடுத்து மண்டையில் போட்டிருப்பேன். எழுந்து வாசலுக்கு வந்தேன். "சரி அண்ணாச்சி. கெளம்பச் சொன்னா கெளம்ப வேண்டியதுதான். செவுத்துல தொங்குத பெட்டி எங்களுது. அதயும் இப்பமே கழட்டிக்கிடுதோம்" என்றேன்.

துணி காயப்போட்டுக்கொண்டிருந்த மதினி திரும்பினாள். "எந்தப் பெட்டி?"

"குருவி முட்ட போட்டிருக்குல்லா மதினி, அந்தப் பெட்டிதான்."

முதலுதவிப் பெட்டிக்குள் குருவி புகுந்து ஒரு வாரத்துக்கு மேலாகியிருந்தது. இவர் திணித்த பஞ்சு அதற்கு மெத்தையாகிவிட்டது. டிங்சர் பாட்டிலுக்கும் துணிச் சுருளுக்கும் நடுவில் நான்கு முட்டை. சர்க்காரின் முதலுதவி அவ்வளவும் ஒரு குருவியின் பேறுகாலத்துக்குப் போய்ச் சேர்ந்தது. சிட்டுக்குருவிக்கு எங்கள் பக்கத்தில் அடைக்கலாங்குருவி என்று பெயர். அந்தப் பெயர் மதினியை என்ன செய்யும் என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் சொன்னேன்.

மதினி ஈரத் துணியைக் கீழே போட்டுவிட்டு ஓடிவந்தாள். "பிள்ளத்தாச்சி இருக்குத வளவுல அடைக்கலாங்குருவி கூட்டக் கலைக்கவா? ஒங்களுக்கென்ன கோட்டி பிடிச்சிருக்கா? அடைக்கலம்னு வந்தத வெளிய தள்ளிட்டு எம்மவ எப்படி நல்லபடியாப் பெத்துப் பொழைப்பா?"

"ஏளா, பெட்டி இருக்கட்டும். ஆளு போகட்டும்" என்றார் அண்ணாச்சி.

"ஆளு மாறுனா வெள்ளையடிப்பாவ, ஆணி அடிப்பாவ. குருவி மெரண்டு முட்டய விட்டுட்டு ஓடிரும். ஒண்ணயும் தொடக் கூடாது. குஞ்சு பொரிச்சுப் பறக்குத வரைக்கும் இந்த வளவுல ஒரு துரும்பு அசையக் கூடாது."

அண்ணாச்சி மண்டியில் எப்பேர்ப்பட்ட வியாபாரியையும் மடக்கிவிடுவார். மதினியிடம் மட்டும் பாச்சா பலிக்காது. பல்லைக் கடித்துக்கொண்டு இவர் பக்கம் திரும்பினார். "சரி தம்பி. குஞ்சு பறக்குத வரைக்கும். பறந்த மறுநாள் சாவி எங்கையில இருக்கணும். சம்மதந்தானா?"

"சம்மதம் அண்ணாச்சி" என்றார் இவர், அவர் கேட்டு முடிப்பதற்குள்.

அடைக்கலம் என்கிற சொல் குருவிக்குத்தான் என்பதை அன்றைக்குத்தான் சரியாகப் புரிந்துகொண்டேன். நாங்கள் மாதம் பிறந்தால் வாடகை கொடுக்கிறவர்கள். அதனால் எங்களை வெளியே தள்ளினால் பாவம் இல்லை. குருவி ஒரு சல்லிக்காசு கொடுக்கவில்லை. அதைத் தொட்டால் குலநாசம்.

அதிலிருந்து அண்ணாச்சிக்குத் தினமும் காலையில் வேலை இதுதான். முக்காலியைத் தூக்கிக்கொண்டு வருவார். அதன் மேல் ஏறி, பெட்டியின் மூடியை நூலளவு தூக்கி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு உள்ளே பார்ப்பார். முட்டை பொரிந்த அன்றைக்கு அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே! குஞ்சு என்றால் கோழிக்குஞ்சு மாதிரி இருக்கும் என்று நினைத்திருக்கிறார். உள்ளே கிடந்ததோ, உரித்த சின்ன வெங்காயத்துக்கு வாய் முளைத்தாற்போல மூன்று. கண் திறக்கவில்லை. மயிர் கிடையாது. தலையைத் தூக்கினால் கழுத்து தாங்காமல் பொத்தென்று விழுகிறது.

"சவத்த, இது எப்பம் பறக்க?" என்று முக்காலி மேலேயே தலையில் கை வைத்துக்கொண்டார்.

நான்காவது முட்டை பொரியவில்லை. "அது கணக்குல வராது" என்றார் அண்ணாச்சி. மதினி அதை எடுத்து மகள் கண்ணில் படாமல் முந்தானையில் மூடிக்கொண்டுபோய் மதிலுக்கு வெளியே எறிந்தாள். எனக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. கணக்கில் வராது என்பதை எனக்கும் இரண்டு தடவை சொல்லியிருக்கிறார்கள். ஆறுதலாகத்தான் சொன்னார்கள். ஆனாலும் நான் கணக்கில் வைத்திருந்தேன்.

மற்ற மூன்றும் எங்கள் எல்லோருடைய பிழைப்பையும் கெடுத்துக்கொண்டு வளர்ந்தன. அடுக்களை ஜன்னலில் நின்றால் எல்லாம் தெரியும். தாய்க்குருவி முருங்கையிலிருந்து பச்சைப் புழுவோடு வரும். ஓட்டைக்குள் தலை போனதும் மூன்று வாயும் ஒரே சமயத்தில் கத்தும். தொண்டையில் கறுப்புப் பூசிய ஆண்குருவியும் சளைக்காமல் வரும். போகும்போது வெறும் வாயோடு போகாது. குஞ்சுகளின் எச்சத்தை வெள்ளைப் பொட்டலமாகக் கவ்விக்கொண்டு போய்த் தூரத்தில் போட்டுவிட்டு வரும். அதை இவருக்குக் கூப்பிட்டுக் காட்டினேன். நன்றாகப் பார்த்தார். பார்த்துவிட்டுப் பேப்பர் படிக்கப் போய்விட்டார்.

இவருக்கு எல்லாமே ஆபீஸ் பாஷைதான். "செய்லிங் டேட் தெரிஞ்சுதா?" என்று, கப்பல் கிளம்புகிற நாளைக் கேட்கிற மாதிரி, சாயங்காலம் வந்ததும் கேட்பார். குஞ்சுகளுக்குக் கண் திறந்துவிட்டது என்றால் முகம் சுருங்கும். முதுகில் முள் முள்ளாக இறகு குத்துகிறது என்றால் நாற்காலியில் சாய்ந்துவிடுவார். அண்ணாச்சிக்கு அதே சேதி பாயசம். ஒரே குஞ்சின் ஒரே இறகு, முன்வீட்டில் சந்தோஷம், பின்வீட்டில் துக்கம்.

அண்ணாச்சிக்குப் பொறுமை போய்விட்டது. தாய்க்குருவி கொடுக்கிற தீனி போதவில்லை என்று அவரே முடிவு செய்தார். மண்டியிலிருந்து நல்ல கருப்பட்டியாகப் பொடித்துக் கொண்டுவந்து பெட்டிக்குள் தூவினார். ஊரிலுள்ள எறும்பெல்லாம் சுவரில் வரிசை கட்டிவிட்டது. மதினி வயிற்றில் அடித்துக்கொண்டாள். நான் மஞ்சள்பொடியும் சாம்பலும் கொண்டு ஓடினேன், அண்ணாச்சி மண்ணெண்ணெய்த் துணியோடு ஓடினார். ரேஷன் மண்ணெண்ணெய்! விளக்குக்கே சொட்டுச் சொட்டாக ஊற்றுகிற மனுஷன் சுவர் பூராவும் துடைத்தார். அதோடு விட்டாரா? குருவிக்குப் புழுதான் சத்து என்று யாரோ சொல்ல, முருங்கை மரத்தில் புழு பொறுக்கப் போனார். முருங்கையில் என்ன இருக்கும்? கம்பளிப்பூச்சி இருக்கும். மேல்துண்டால் ஒன்றை வளைத்துப் பிடித்துவிட்டு, அதே துண்டைத் தோளில் போட்டுக்கொண்டார். அன்றைக்குப் பொழுது முழுவதும் கருப்பட்டி மண்டி முதலாளி தூணில் முதுகைத் தேய்த்துக்கொண்டிருந்தார். அடுக்களைக்குள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்ததில் எனக்குப் புரையேறிவிட்டது.

என் கதை மட்டும் என்ன வாழ்ந்தது? வளர்ந்து தொலையாதீர்களே என்று தினமும் அந்தப் பெட்டியைப் பார்த்துக் கெஞ்சுவேன். மதில் மேல் பூனை வந்தால் கையில் இருக்கிற அகப்பையோடு பாய்வேன். காக்காய் உட்கார்ந்தால் தொண்டை கிழியக் கத்துவேன். மிச்சச் சோற்றைப் பிசைந்து மதில் மேல் வைப்பேன். ஒவ்வொரு பருக்கையும் என்னை வேம்பாருக்கு அனுப்பத்தான் என்று தெரியும். தெரிந்தும் வைத்தேன். அதுகள் வாயைத் திறந்துகொண்டு கத்தினால் வேறு என்ன செய்வது? தன் வீடு பறிபோக இப்படிப் பாடுபட்டவள் தூத்துக்குடியிலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

மதினியின் மகளுக்கு முக்காலியில் ஏறத் தடை, எட்டிப் பார்க்கத் தடை, குனியத் தடை. பாவம், சின்னப் பெண். எங்கள் அடுக்களை ஜன்னலுக்கு வெளியே வந்து நின்றுகொள்வாள். நான் ஒரு துண்டு புளியை உப்பில் தோய்த்துக் கொடுப்பேன். அவள் அதைச் சப்பிக்கொண்டே என்னிடம் குருவி சமாசாரம் கேட்பாள்.

"இன்னைக்கு என்ன செஞ்சுதுக்கா?"

"ரெண்டு பெரிசும் சிறகு அடிச்சுப் பாக்கு. கடைக்குட்டி அதுக அடியில கெடந்து மிதி வாங்குது."

"அது மட்டும் பறக்காம இருந்துட்டா நல்லாருக்கும்லா. நீங்க இங்கனயே இருக்கலாம்." சொல்லிவிட்டு அப்பா வருகிறாரா என்று திரும்பிப் பார்த்துக்கொள்வாள். அந்த வளவில் எனக்காக வேண்டிக்கொண்டது அவள் ஒருத்திதான்.

அவள் வேண்டுதல் பாதி பலித்தது. பெரிய இரண்டும் ஒரே காலையில் பறந்தன. ஒன்று பூவரசுக்குப் போனது. இன்னொன்று குழியில் விழப் பார்த்து, எப்படியோ மதிலைப் பிடித்துவிட்டது. கடைக்குட்டி ஓட்டையில் வந்து உட்கார்ந்தது. வாயோரத்து மஞ்சள் இன்னும் போகவில்லை. வெளியே பார்த்தது. பிடிக்கவில்லை போலிருக்கிறது, உள்ளே போய்விட்டது.

அடுத்த நாளும் அப்படித்தான், அதற்கடுத்த நாளும் அப்படித்தான். வரும், உட்காரும், ஊரைப் பார்க்கும், உள்ளே போகும். தாய்க்குருவி புழுவை வாயில் வைத்துக்கொண்டு எதிரே முருங்கையில் உட்கார்ந்து ஆசை காட்டியது. ஊகூம். காண்ட்ராக்டரின் ஆள் வாசலுக்கு வந்து வந்து போனான். அண்ணாச்சி மண்டிக்கே போகவில்லை. முக்காலியில் நின்று, ஓட்டைக்கு நேரே முகத்தை வைத்து, பெற்ற பிள்ளையிடம் பேசுகிற மாதிரி பேசினார்.

"ஏலே, வாலே வெளிய. ஒங்கம்மா கூப்பிடுதாள்லா? ஒன் கூடப் பெறந்தவனுக எல்லாம் போயிட்டானுக, ஒனக்கு மட்டும் என்னலே மானங்கெட்ட பொழப்பு? அடுத்தவன் வீட்டுல இப்படியா ஒட்டிக்கிட்டு கெடக்குறது?"

இதில் எத்தனை வார்த்தை குருவிக்கு, எத்தனை எங்களுக்கு என்று பிரித்துக்கொள்வது எங்கள் பாடு. இவர் உள்ளே உட்கார்ந்து தலையைக் குனிந்துகொண்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அந்த நேரம் பார்த்துக் கடைக்குட்டி பறந்தது. பறந்தது என்றா சொல்வது, எதிரே இருந்த அண்ணாச்சியின் வழுக்கையில் வந்து விழுந்தது. அங்கே நின்று மூச்சு வாங்கியது. சலவைச் சட்டையில் செய்ய வேண்டியதைச் செய்தது. அப்புறம் தத்தக்கா பித்தக்கா என்று சிறகடித்து முருங்கைக் கிளையைப் பிடித்துக்கொண்டது.

"பறந்துட்டு! தம்பி, பறந்துட்டு!" அண்ணாச்சி முக்காலியிலிருந்து குதித்தார். சட்டையைக்கூடத் துடைக்கவில்லை. "மறுநாள் வரைக்கும் என்னத்துக்கு? இன்னைக்கே ஆரம்பிச்சிரலாம்லா?"

இவர் எழுந்துபோய்த் துணிக்கொடியை அவிழ்க்க ஆரம்பித்தார். சொன்னால் நம்ப மாட்டீர்கள், நிஜமாகவே அவிழ்த்தார். வேம்பார் ரோடும் அந்தக் கரிப் பஸ்ஸும் கண் முன்னால் வந்து நின்றன. மாமியார், கண் திருஷ்டி எல்லாம் எந்த மூலைக்கு? தோட்டத்துக்கு நடுவில் வந்து நின்றேன். மதினியும் நின்றாள், அவளுக்குப் பின்னால் மகளும் நின்றாள்.

"அண்ணாச்சி, நானும் பிள்ளத்தாச்சிதான்" என்றேன். "ஆறு மாசம் ஆகப்போவுது. முன்னால ரெண்டு தங்கல. வண்டியில ஏறுனா இதுவும் தங்காதுன்னு நர்ஸம்மா சொல்லியிருக்கா. குருவிக்கு எரங்குனியளே, எனக்கு எரங்கக் கூடாதா?"

மதினி கட்டிக்கொள்வாள் என்று நினைத்தேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன். முட்டைக்காகப் பதறி ஓடிவந்தவள் அல்லவா? மதினியின் முகம் வெளுத்தது. கை தானாகப் பின்னால் போய் மகளை இழுத்தது. முந்தானையால் மகளின் வயிற்றை மூடினாள்.

"ஒரே வளவுல ரெண்டு பிள்ளத்தாச்சியா? ஆகாதே! தெரியாமப் போச்சே! அதுலயும் ரெண்டு..." பாதியில் நிறுத்திக்கொண்டாள். மீதி என்ன என்று எனக்கா தெரியாது? இரண்டு பறிகொடுத்தவள். அவள் நிழல் தன் மகள் மேல் படலாமா? அத்தனை நாள் புளியைத் தின்னக் கொடுத்த கையை எங்கே வைத்துக்கொள்வது என்று எனக்குத் தெரியவில்லை. அவமானமாக இருந்தது, அதைவிட வலித்தது.

அண்ணாச்சிக்குச் சந்தோஷம். "அதான் சொல்லுதேன். இவங்க கெளம்பட்டும்."

"வாய மூடுங்க!" என்றாள் மதினி. "ரெண்டு போன வயிறு. அழுதுட்டு நம்ம படியெறங்கிப் போனா அந்த வயித்தெரிச்சல் யாரச் சுத்தும்? நம்ம மகளத்தான் சுத்தும்."

"இருக்கவும் கூடாது, போகவும் கூடாதுன்னா என்னதான் செய்யச் சொல்லுத?"

தோட்டத்தில் நின்றே இரண்டு பேரும் விவாதித்தார்கள். நான் இருக்கிறேன், இவர் கையில் துணிக்கொடியோடு இருக்கிறார், மகள் இருக்கிறாள். ஒருவரும் அவளை ஒரு வார்த்தை கேட்கவில்லை. ராகுகாலம் கழிவதற்குள் தீர்ப்பு வந்துவிட்டது. நான் இருக்கலாம். மகள் சொந்த ஊருக்குப் போக வேண்டும், அன்றைக்கே, பொழுது சாய்வதற்குள். தேரி மணலில் பஸ் போகாது. மாட்டு வண்டிதான்.

"மதினி, அவளுக்கு எட்டு மாசம். வண்டி குலுக்குனா..." என்று ஆரம்பித்தேன்.

"நீ ஒண்ணும் சொல்லாத தாயி. ஒனக்குக் கையெடுத்துக் கும்பிடுதேன், உள்ள போ" என்றாள். நிஜமாகவே கும்பிட்டாள்.

இவர் என் பக்கத்தில் வந்து, கல்யாணமான நாளாக வராத தைரியத்தோடு, "நாம வேணா போயிருவோமா?" என்று காதோடு கேட்டார். மாட்டேன் என்று தலையாட்டினேன். இன்றைக்குக் கேட்டாலும் அதேதான். என் வயிற்றில் இருந்தது என் பிள்ளை.

வண்டி வந்தது. வைக்கோலைப் பரப்பி மேலே மெத்தை போட்டார்கள். அவள் ஏறுவதற்கு முன்னால் எங்கள் ஜன்னல் பக்கம் திரும்பினாள். மதினி அவள் தலையைப் பிடித்து அந்தப் பக்கம் திருப்பி, அவளை ஏற்றிவிட்டுத் தானும் கூட ஏறிக்கொண்டாள். அண்ணாச்சி மாட்டை மெதுவாக ஓட்டச் சொல்லி வண்டிக்காரனிடம் திரும்பத் திரும்பச் சொன்னார். அதில் மட்டும் குறை வைக்கவில்லை. காண்ட்ராக்டரை நினைத்தோ மகளை நினைத்தோ, கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

தேரிக்குள் நுழைந்த கொஞ்ச தூரத்திலேயே அவளுக்கு வலி கண்டுவிட்டது. பனங்காட்டுக்கு நடுவில், வண்டிக்குள்ளேயே பிள்ளை பிறந்தது. குறை மாதம். வண்டிக்காரன் தூரத்தில் போய் நின்றுகொள்ள, மதினி ஒருத்தியாகவே பார்த்திருக்கிறாள். தாயும் பிள்ளையும் பிழைத்ததே பெரிய காரியம். எனக்கும் மாதம் நிறைந்து அந்தப் பின்வீட்டிலேயே மகள் பிறந்தாள். யுத்தம் முடிகிற வரை அண்ணாச்சி வீட்டைப் பற்றி வாயே திறக்கவில்லை.

மறு வருஷம் மதினியின் மகள் பிள்ளையோடு தாய்வீட்டுக்கு வந்தாள். இரண்டு பேரும் பெற்றுப் பிழைத்தாகிவிட்டது, இனி எந்தப் பார்வையும் யாரையும் ஒன்றும் செய்யாது என்று மதினியே என்னை முன்வீட்டுக்குக் கூப்பிட்டாள். தெருப் பெண்களெல்லாம் பிள்ளையைப் பார்க்க வந்திருந்தார்கள். பிள்ளை பிறந்த கதையை மதினி ஆரம்பத்திலிருந்து சொன்னாள். கூட்டைக் கலைக்க விடாமல் தான் தடுத்தது, எறும்பை ஓட்டியது, குஞ்சுகளைக் கண்ணுக்குள் வைத்துக் காத்தது, ஒன்றையும் விடவில்லை. கடைசியில், "எல்லாம் அந்த அடைக்கலாங்குருவி புண்ணியம். அதுதான் கூடவே வந்து எம்மவளக் காப்பாத்திச்சு" என்று கையெடுத்துக் கும்பிட்டாள். பெண்களும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

மகள் மூலையில் உட்கார்ந்து பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்கவில்லை.

"வண்டியில குருவியா வந்துச்சு? நான்லா போனேன்" என்றாள்.

மதினி காப்பி எடுக்க எழுந்தாள். நான் மடியிலிருந்த என் மகளை இறுக்கிக்கொண்டேன்.